நண்பர்களோடு இணையத்தில் விடுகதை போட்டு ஆடுவதில் அப்படி என்ன சுவை இருக்கிறது?

கூகுளில் தட்டினால் விடை அரை நொடியில் வந்துவிடுகிறதே, பிறகு எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரித் தோழர்கள் நாங்கள் ஆறு பேர், 2020 ஊரடங்கில் வாட்ஸ்அப்பில் தொடங்கியது, இன்னும் விடவில்லை. அதை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் விடுகதைக்கு அழிப்பாங்கதை என்று பெயர். யாழ்ப்பாணத்தில் நொடி என்பார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஆச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “ஒரு அழிப்பாங்கதை போடுதேன், அழி பாப்போம்” என்பாள். விடை சொல்வதை ஏன் அழிப்பது என்கிறார்கள் என்று சின்ன வயதில் புரியவில்லை. விடை வந்த கணமே கதை தீர்ந்துபோகிறது. அதே ஆளிடம் அதை மறுபடி போட முடியாது. ஆச்சி அதனால்தான் விடையை லேசில் விடமாட்டாள். நாங்கள் கெஞ்சக் கெஞ்ச, “தூங்கி எந்திரிச்சுச் சொல்லு” என்று விளக்கை அணைத்துவிடுவாள்.

எங்கள் குழுவின் முதல் விதி அவளிடமிருந்து வந்ததுதான். ஆறு பேரும் பார்த்து முடிக்கும்வரை விடையைப் பொதுவில் எழுதக் கூடாது. கண்டுபிடித்தவர் கதை போட்டவருக்குத் தனியாக அனுப்பலாம், அவ்வளவுதான். ஒருத்தி டொராண்டோவில் இருக்கிறாள். கோடையில் இங்கே காலை 7 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு 9.30. நாங்கள் பல் தேய்க்கும்போது போடும் கதையை அவள் படுக்கைக்குக் கொண்டுபோகிறாள். அவள் எழுந்து வரும்வரை மற்ற ஐந்து பேரும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த ஒரு பகல் முழுக்க எல்லார் தலைக்குள்ளும் ஒரே விஷயம் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கூகுள் தராது.

இரண்டாவது, தப்பான விடைகள். இதற்காகவே நான் இதை விடாமல் ஆடுகிறேன் என்றுகூடச் சொல்வேன். ஆச்சி போட்ட பழைய கதை ஒன்றை ஒருநாள் போட்டேன்: “எங்க அம்மா சேலைய மடிக்க முடியாது, எங்க அப்பா காச எண்ண முடியாது.” எல்லாருக்கும் தெரிந்ததுதான், வானமும் நட்சத்திரமும். ஆனால் தூத்துக்குடிக்காரன் இதைக் கேள்விப்பட்டதே இல்லையாம். “கடலும் மணலும்” என்று அனுப்பினான். சிரித்துவிட்டு விட முடியவில்லை, ஏனென்றால் அது சரியாகப் பொருந்துகிறது. “காசுன்னா மினுங்கணும்லா, மணல் எங்கல மினுங்கும்?” என்று ஒருத்தன் மல்லுக்கு நின்றான். “நிலா வெளிச்சத்துல கடக்கரைக்கு வந்து பாரு” என்றான் அவன். “கடல் தன்னாலயே மடியுதே, அலைய பாக்கலயா?” என்றாள் இன்னொருத்தி. அன்றைக்கு மட்டும் நூறு செய்திக்கு மேல் ஓடியது. கடைசியில் இரண்டும் சரி என்று தீர்ப்பானது. உப்புக்காற்றில் வளர்ந்தவன் விரிந்து கிடக்கிற ஒன்றைத் தேடினால் முதலில் கடல்தானே வரும். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவனைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று அன்று தெரிந்தது.

தொல்காப்பியம் விடுகதையைப் பிசி என்கிறது. செய்யுளியலில் அதை இரண்டு வகையாகப் பிரித்து, ஒப்புமையால் வருவதை முதலில் வைக்கிறது. வானத்தைச் சேலை என்பது அந்த வகை. ஒப்புமை என்று வந்துவிட்டாலே இன்னொரு ஒப்புமைக்கும் இடம் இருக்கத்தான் செய்யும்.

பழைய கதைகள் தீர்ந்ததும் சொந்தமாகக் கட்டத் தொடங்கினோம். கூகுளில் கிடைக்காது என்பது ஒரு வசதி. ஆனால் உண்மையான லாபம், தமிழ் எழுத்தையே புதிதாகப் பார்க்கத் தொடங்கியது. சிங்கப்பூர்க்காரி கட்டியது இது: “மூணெழுத்து. முழுசா இருந்தா வாசிக்கலாம். தலைய எடுத்தா மண்ணுல போடலாம். இன்னொண்ணையும் எடுத்தா பொங்கல் வைக்கலாம்.” கவிதை, விதை, தை. நான் அரை நாள் திணறினேன். விடை தெரிந்தபோது கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், அதற்குள் ஒரு தை மாதம் இருப்பதைப் பார்த்ததே இல்லை.

நான் கட்டியதில் எனக்குப் பிடித்தது: “தலையில்லாக் குதிரை கரைக்கு வந்து வந்து போகும். ரெண்டெழுத்து.” மூன்று பேர் உடனே ‘அலை’ என்றார்கள். பொருளும் சரி, எழுத்தும் இரண்டுதான். ஆனால் குதிரை எங்கே போனது? குதிரையில் ‘கு’வை எடுத்தால் மிஞ்சுவது திரை. திரை என்றாலும் அலைதான். பொருள் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக வந்து ஒரே சொல்லில் சந்திக்க வேண்டும். அந்த இரட்டைப் பூட்டு இருந்தால் கடல்–மணல் மாதிரி வழக்கு வராது. வழக்கு வேண்டுமா, பூட்டு வேண்டுமா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

ஒன்றை மட்டும் அனுபவத்தில் கற்றோம். ஒலியை நம்பியிருக்கும் சிலேடையைத் தட்டச்சு செய்யாதீர்கள், குரல் பதிவாக அனுப்புங்கள். ‘தாமரை’ என்றால் பூ, ‘தா மரை’ என்றால் தாவுகிற மான். சேர்த்துப் படித்தால் ஒரு பொருளும் பிரித்துப் படித்தால் வேறு பொருளும் தரும் சொல்லைப் பொதுமொழி என்பார்கள். இலக்கண ஆசிரியர்கள் அதற்குச் சொல்லும் உதாரணம் இது. எழுதினால் நடுவில் விடும் இடைவெளியே காட்டிக்கொடுத்துவிடும். காதில் விழும்போதுதான் இரண்டும் சேர்ந்து நிற்கும். காளமேகத்தின் சிலேடைகளைக்கூட நான் இப்போது சத்தமாக வாசித்துத்தான் பார்க்கிறேன்.

இன்று காலை நான் போட்டது இது: “பேருல முழுக்கக் காரம், வாயில போட்டா இனிப்பு. தீபாவளிக்கு வீடு தேடி வரும்.” நாலு பேர் தனியாக அனுப்பிவிட்டார்கள். டொராண்டோவில் இன்னும் விடியவில்லை. அதனால் விடையை இங்கேயும் எழுதவில்லை.