சாட்சி சொன்னேன், அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார்

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் காங்கேயம் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருந்த தோழி கொடுத்த பைபிளை, நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராத நேரங்களில் படிக்க ஆரம்பித்தேன். அதில் சங்கீதம் என்ற ஜெபப் பாடல்களைப் படிக்கும்போது காரணம் தெரியாமல் அழுவேன். போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன். வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரியும். சபையில் சாட்சி, அதாவது நான் இயேசுவிடம் வந்த கதையை, எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்ததும், "எங்கள் வீட்டில் பேய்களைத்தான் கும்பிட்டோம்; அப்பாவின் குடியால் வீடு நரகமாக இருந்தது; எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ஆத்தா (என் பாட்டி) குலதெய்வத்துக்கு மாவிளக்கு எடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை" என்றெல்லாம் பேசிவிட்டேன். அப்பா குடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது. சபையார் அதை வீடியோ எடுத்து யூடியூபில் போட, யாரோ எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேசுவதில்லை. தையில் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்தில் கூடப்பிறந்தவள் உட்காரும் இணைச்சீருக்குச் சித்தப்பா மகளை உட்கார வைக்கப் போகிறார்களாம். "வெள்ளைக்காரன் மதத்துக்குப் போனவளுக்குச் சொத்தில் பங்கில்லை, சபை மேல் போலீஸில் எழுதிக் கொடுப்பேன்" என்கிறார் சித்தப்பா. போதகரோ, "நல்லதாகப் போயிற்று, அந்தச் சீரில் நீ உட்காரவே கூடாது" என்கிறார். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க மனசு துடிக்கிறது. கேட்டால் ஆண்டவரை மறுதலித்தது ஆகிவிடுமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: ஆகாது, அம்மிணி. போய்க் கேள்.

இயேசுவின் சீடர் பேதுரு அவரை மறுதலித்த கதை உனக்குத் தெரியும். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவை எனக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னார். உன் அப்பா உன்னை அப்படிச் சொல்லச் சொன்னாரா? உன் கடிதத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். இயேசுவை விட்டுவிடு என்று அவர் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அவர் பேச்சை நிறுத்தியதற்கு நீ சபைக்குப் போவது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எப்போதோ விட்டொழித்த குடியை, பங்காளிகள் ஒவ்வொருவர் போனிலும் கேட்கும்படி பெற்ற மகளே சொன்னது அதைவிடப் பெரிய காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது. குடிக்கிறவர் குடியை விடுவது எத்தனை பெரிய காரியம் என்று அந்த வீட்டில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் விட்டதை நீ மைக்கில் சொல்லவில்லையே, கண்ணு. குடித்ததை மட்டும்தானே சொன்னாய்.

ஆத்தா விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் என்னை அதிகமாகத் தொட்டது அதுதான். மாவிளக்கு எப்படி எடுப்பார்கள் என்று நீ பக்கத்தில் நின்று பார்த்திருப்பாய். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்துச் சலித்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, உருண்டையின் நடுவில் பெருவிரலால் குழித்து, நெய்யூற்றித் திரி போட வேண்டும். அதுவரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம். அப்புறம் அந்தத் தட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு செருப்பில்லாமல் கோயில்வரைக்கும் நடக்க வேண்டும். கண் மஞ்சளாகிக் கட்டிலில் கிடந்த பேத்திக்காக அந்தக் கிழவி இத்தனையும் செய்தாள். தனக்குத் தெரிந்த தெய்வத்திடம், தனக்குத் தெரிந்த விதத்தில் போய் மன்றாடினாள். உனக்காக மன்றாடியவளை ஊரார் முன்னால் நீ சிறுமைப்படுத்தியிருக்கிறாய். இதை நான் மென்மையாகச் சொல்ல முடியாது.

நானும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறவள்தான். என் அம்மா வழி உறவுகள் இன்றைக்கும் வருஷா வருஷம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறவர்கள். எத்தனையோ சாட்சிகள் கேட்டிருக்கிறேன். பலவற்றைக் கேட்டு நெஞ்சுருகியிருக்கிறேன். ஆனால் சில சபைகளில் சாட்சிக்கென்று ஒரு அச்சே வார்த்து வைத்திருக்கிறார்கள். முன்பு எல்லாம் இருட்டு, இப்போது எல்லாம் வெளிச்சம். வெளிச்சம் பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று பேசுகிறவர்கள் பழைய வீட்டின் மேல் இன்னும் கொஞ்சம் கரியைப் பூசிவிடுகிறார்கள். "அல்லேலூயா" சத்தம் கூடக்கூட நாக்கும் தாராளமாகிவிடுகிறது. உனக்கு நேர்ந்ததும் அதுதான். நைட் ஷிஃப்ட் முடிந்த விடியலில் சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாயே, அது உன்னுடையது. அதை எங்கே வேண்டுமானாலும் சொல். அப்பாவின் குடியையும் ஆத்தாவின் வேண்டுதலையும் சொல்ல வேண்டுமென்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

"பேய்கள் என்று அப்போஸ்தலர் பவுலே எழுதியிருக்கிறார்" என்று போதகர் சொல்வார். கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் அப்படி ஒரு வசனம் இருப்பது உண்மைதான். அது சபைக்குள் விசுவாசிகளுக்கு எழுதியது. அதே பவுல் அத்தேனே பட்டணத்தில், சிலைகளைக் கும்பிடுகிறவர்கள் நடுவில் நின்று பேசியதையும் எடுத்துப் படி. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 17-ம் அதிகாரம். அவர்களுடைய பலிபீடத்திலிருந்தே பேச்சை ஆரம்பிக்கிறார், அவர்களுடைய புலவர்கள் சொன்னதையே எடுத்துச் சொல்கிறார். பேய் என்ற பேச்சே அங்கே இல்லை. உன் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல் என்று பிற்பாடு எழுதியவரும், அன்றைக்கு முற்றத்தில் மறுதலித்த அந்தப் பேதுருதான்.

நம் தமிழிலேயே ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை இருக்கிறார். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். வீட்டில் கேட்டு வளர்ந்த கம்பனை அவர் தூக்கி எறியவில்லை. கிறிஸ்துவைப் பாடும்போதும் கம்பன் நடையிலேயே பாடினார். "கிறிஸ்தவக் கம்பன்" என்ற பேரும் அப்படித்தான் வந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மராத்தியக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895-ல் கிறிஸ்தவரானார். மனைவி லட்சுமிபாய் ஆசாரமான பிராமணக் குடும்பத்துப் பெண். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. சில வருஷங்கள் கணவரைப் பிரிந்தே இருந்தார். அப்புறம் சேர்ந்து வாழ வந்தார், மெல்ல மெல்ல மனம் மாறினார், 1900-ல் தானும் ஞானஸ்நானம் பெற்றார். அந்தப் பிரிவின் கதையை நாம் லட்சுமிபாயின் வாயாலேயே கேட்க முடிகிறது. தன் வாழ்க்கையை அவரே எழுதி வைத்திருக்கிறார். வீட்டில் விடப்பட்டவர் பட்ட பாடு அதில் இருக்கிறது. நம் சபை மேடைகளில் அந்தக் குரலுக்கு இடமே கிடையாது. மகள் வந்து சாட்சி சொல்வாள். ரகசியத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு, கணவனுக்கும் மகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அம்மாவை யார் கூப்பிட்டுக் கேட்டார்கள்? உன் அம்மா ஒரு வருஷமாகத் தனியாகச் சுமக்கிறாள். அவளிடமும் நீ ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

சித்தப்பாவின் மிரட்டலைப் பற்றி நீ ராத்தூக்கம் கெட வேண்டாம். விரும்பிய மதத்தைப் பின்பற்ற அரசியலமைப்பின் 25-ம் பிரிவு உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் 2004-லேயே திரும்பப் பெறப்பட்டது. மதம் மாறிய ஒரே காரணத்துக்காக ஒரு மகளின் வாரிசுரிமையை 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் பறிப்பதில்லை. மதம் மாறிய பிறகு உனக்குப் பிறக்கும் பிள்ளைகள், இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர் சொத்துக்கு வாரிசாக முடியாது என்பதுதான் அதன் 26-ம் பிரிவு. அப்பா தானே சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். பூர்வீகக் காடு தோட்டம் பற்றிச் சந்தேகம் இருந்தால் பத்திரங்களோடு ஒரு வக்கீலைப் பார். வெள்ளைக்காரன் மதம் என்ற பேச்சும் நம் ஊரில் எடுபடாது. கோவை பக்கம் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தின் கதை 17-ம் நூற்றாண்டில் தொடங்குகிறது. அங்கே நெற்றியில் திருநீறோடு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இதில் எதையும் அப்பா முன்னால் எடுத்துவிடாதே. மன்னிப்புக் கேட்கப் போகிற இடத்தில் சட்டம் பேசினால் வந்த காரியம் கெட்டுவிடும்.

இப்போது இணைச்சீர். சீர்களைச் செய்துவைக்கும் பெரியவரான அருமைக்காரர் முன்னின்று நடத்த, பேழையும் கூறைச்சேலையுமாகத் தம்பி பக்கத்தில் உடன்பிறந்தவள் உட்காரும் சீர் அது. கல்யாணமாகிப் புதுப்பெண்டாட்டி வந்த பிறகும் கூடப்பிறந்தவளை மறக்கக் கூடாது என்று ஊரறியச் சொல்லும் சீர். கொங்கில் பிறந்த பெண்ணுக்கு அந்த இடம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அது கைவிட்டுப் போகிறதே என்ற வலி உன் கடிதத்தில் தெரிகிறது. போதகருக்கு அது தெரியவில்லை. பைபிளில் இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தின் 5-ம் அதிகாரத்தை அவருக்கு ஞாபகப்படுத்து. குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனி கர்த்தரையே வணங்குவேன் என்கிறான். ஆனால் என் ராஜா ரிம்மோன் கோயிலில் என் கையில் சாய்ந்துகொண்டு பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்குமே, அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். தீர்க்கதரிசி எலிசா அவனை அதட்டவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார். நீ தம்பிக்கு அக்காவாக உட்காருவதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. சீரில் பிள்ளையார் பூஜை வரும். அதில் கை கூப்ப உன் மனசு ஒப்பாவிட்டால் அருமைக்காரரிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடு. நம் பெரியவர்கள் இதைவிடச் சிக்கலானதையெல்லாம் சமாளித்தவர்கள்.

ஆனால் ஒன்று. அந்த இடத்தைத் திரும்பக் கேட்காதே. இணைச்சீர் வேண்டும் என்பதற்காக மன்னிப்புக் கேட்கிறாள் என்று ஒருத்தர் நினைத்தாலும் உன் மன்னிப்பு வீண். அப்பாவாகக் கூப்பிட்டால் உட்கார். கூப்பிடவில்லை என்றால், சித்தப்பா மகளுக்கு நீயே சேலை கட்டிவிட்டுப் பூ வைத்து அனுப்பு. பந்தியில் இலை போடு. கல்யாணத்துக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதே.

முதல் வேலை, அந்த வீடியோ. உன் முகம், உன் குரல், உன் குடும்பம். அதை யூடியூபிலிருந்து எடுக்கச் சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்தவனையே, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்று மத்தேயு 5-ல் இயேசு திருப்பி அனுப்புகிறார். அதைச் சொல்லிப் போதகரிடம் கேள். எடுக்க மாட்டேன் என்றால் வேறு சபை பார். திருப்பூரில் சபைக்கா பஞ்சம்?

வீட்டுக்குப் போகும்போது போதகரையோ தோழியையோ கூட்டிப்போகாதே. தாய்மாமன் இருந்தால் அவரை மட்டும் திண்ணையில் உட்காரச் சொல். ஆத்தா காதில் விழும்படி, நாலு வார்த்தை போதும்: "அப்பா, நான் மைக்குல பேசுனது தப்புங்க. நம்ம சாமியப் பேய்னு சொன்னதும், ஆத்தா எனக்காக மாவிளக்கு எடுத்தத மட்டமாப் பேசுனதும் தப்புங்க. உங்க குடியச் சொன்னவ, நீங்க அத விட்டதயும் சொல்லியிருக்கோணும். என்ற நம்பிக்கை மாறலீங்க, அதுல பொய் சொல்ல மாட்டனுங்க. பேசுன பேச்சுக்கு மன்னிச்சிருங்க."

அவர் எழுந்து காட்டுப் பக்கம் போய்விடலாம். திட்டலாம். பதிலுக்கு நீ எதுவும் பேசாதே. அன்றைக்கு ராத்திரி அங்கேயே தங்கு, அம்மாவோடு அடுப்படியில் நில், காலையில் பஸ் ஏறு. அடுத்த வாரமும் போ. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இதெல்லாம் நடந்தால் நல்லது. உறவுகள் கூடிவிட்டால் அப்பா நினைத்தாலும் இறங்கி வர முடியாது. ஐப்பசி முடிவதற்குள் ஒரு லீவு நாள் பார்த்துக் கிளம்பு.