எண்ணெய் நாடுகளோடு அரசியல் தகராறு வந்தால் பெட்ரோல் விலை ஏன் ஏறுகிறது?

ஒரு நாடு உங்களுக்கு மட்டும் எண்ணெய் தர மாட்டேன் என்றால் விலை பெரிதாக ஏறாது. வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம். கச்சா எண்ணெய்க்கு உலகம் முழுக்க ஒரே சந்தைதான். மொத்த உற்பத்தியே குறையும்போதுதான் வினை.

1973 அக்டோபரைப் பாருங்கள். எகிப்து, சிரியாவோடு நடந்த போரில் இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்த அமெரிக்காவுக்கு அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. எல்லோரும் பேசுவது இந்தத் தடையைத்தான். என்னைக் கேட்டால், கூடவே உற்பத்தியையும் மாதாமாதம் குறைப்போம் என்று அறிவித்தார்களே, அதுதான் உண்மையான அடி. சுமார் 3 டாலராக இருந்த பேரல், 1974 ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கிவிட்டது.

சரி, அமெரிக்க பங்க்குகளில் பெட்ரோலும் நான்கு மடங்கு ஆனதா? இல்லை. பங்க் விலையில் சுத்திகரிப்பு, போக்குவரத்து, வரி எல்லாம் அடக்கம். கச்சா எண்ணெய் அதில் ஒரு பகுதிதான். அப்புறம், அங்கே அரசின் விலைக் கட்டுப்பாடும் இருந்தது. விலை இஷ்டத்துக்கு ஏற வழியில்லாததால் வரிசை நீண்டது. சில மாநிலங்களில் நம்பர் பிளேட் ஒற்றைப்படையில் முடிந்தால் ஒற்றைப்படைத் தேதியில்தான் பெட்ரோல்.

1974 மார்ச்சில் பெரும்பாலான அரபு நாடுகள் தடையை விலக்கின. பேரல் விலை மட்டும் பழைய 3 டாலருக்குத் திரும்பவே இல்லை.