ஒரு வரியில் முடிந்த இரண்டு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

நான் பாம்பன்காரி. ஜெர்மனியில் பிரேமன் நகரில் முதுகலை படிக்கிறேன். விடுமுறை கிடைத்தால் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவேன். பெர்லினிலிருந்து கொலோன் போகும்போது, ஹம் நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரியும் என்பது தெரியாமல் மாறி உட்கார்ந்து டுசல்டோர்ஃபில் போய் இறங்கினேன். மறுநாள் கொலோன் பேராலயக் கோபுரத்தின் 533 படிகளையும் ஏறிவிட்டேன். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க முடிகிறது. இன்னொன்றைச் சொல்ல முடியவில்லை.

குக்ஸ்ஹாஃபன் ஊர்க்கரையில் கடல் வற்றும்போது, சேற்றில் நடந்தே நொய்வெர்க் தீவுக்குப் போகலாம். பத்துக் கிலோமீட்டர். பன்னிரண்டு நாட்களுக்கு முன் போய்வந்த தோழி, காலை பத்து மணிக்குக் கிளம்பியதாகச் சொன்னாள். நானும் பத்து மணிக்குக் கிளம்பினேன், தனியாக. நடுவழியில் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. அங்கே நட்டிருந்த மீட்புக் கூண்டில் ஏறி இரண்டு மணி நேரம் இருந்தேன். படகில் வந்து மீட்டார்கள். என் அப்பா நாட்டுப்படகில் போகிறவர், அம்மா கடல்பாசி எடுக்கிறவர். அவர்கள் மகள் ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. பயணக் கட்டுரை எழுத ஆசை. பார்த்த இடங்களை மட்டும் எழுதிவிட்டு, பட்ட பாட்டை விட்டுவிடலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்ற நிம்மதியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து வாசலுக்கு வந்து சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆழம் உங்கள் கண்ணெதிரே இருந்தது, கணுக்கால் சேறு. தெரியாமல் போனது நேரம். ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். பன்னிரண்டு நாளில் பத்து மணி நேரம். ஒரு வற்றுக்கும் அடுத்த வற்றுக்கும் இடைவெளி பன்னிரண்டரை மணிக்குச் சற்றுக் குறைவு என்பதால், தோழி போன நாளில் பதினொன்றரைக்கு வற்றி முடிந்த கடல் உங்கள் நாளில் ஒன்பதைத் தாண்டியதுமே முடிந்திருக்கும். நீங்கள் காலை வைக்கும்போது கடல் திரும்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

நம் கரையில் இந்தப் பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனை கிடையாது. தேவிபட்டினத்துக் கடலில் நிற்கும் நவபாஷாணக் கற்களில் ஈரக்கோடு ஏறி இறங்குவதைச் சாண் கணக்கில் சொல்லிவிடலாம். இங்கே ஓதம் ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. குக்ஸ்ஹாஃபனில் மூன்று மீட்டர் அளவுக்கு ஏறுகிறது. அதுவும் எதிரே அலையடித்துக்கொண்டு வராது. சேற்றுவெளியின் ஊடே ஓடும் வாய்க்கால்கள்தான் முதலில் நிரம்பும். முன்னால் தரை வெறுமையாகவே கிடக்கும்; திரும்பிப் பார்த்தால் கரைக்கும் உங்களுக்கும் நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் அங்கே கூண்டு நட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கே தேவைப்படுகிற கூண்டு அது.

கடல்புரத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் தெரியும் என்பது வெளியார் பேச்சு. நம் ஆட்கள் அப்படிப் பேசுவதில்லை. ஒரே தீவில் நின்றுகொண்டு பாக் நீரிணையை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பிரித்துத்தானே பேசுகிறார்கள்? வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றுக்காலத்தில் தென்கடல் பொங்கும். வலையைத் தூக்கிக்கொண்டு கரை மாறுகிறார்கள். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், தனக்குத் தெரியாத கடலில் முதல் நாளே தனியாக இறங்குவாரா என்று. நான் கண்டிக்க நினைப்பது அந்த ஒன்றைத்தான். இனி எந்தக் கரைக்குப் போனாலும் அந்த ஊர் ஆள் ஒருவரைக் கேட்காமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. பட்ட பாட்டை விட்டுவிடலாமா?

நான் இருப்பது பாம்பனுக்கு எதிர்க்கரையான மண்டபம் ஊரில். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் வண்டிகள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ முடிந்துவிடும். அந்த நாட்களில் ஒரு விடியற்காலை, வடக்கிலிருந்து வந்த வயதான கணவனும் மனைவியும் நிலையத்துக்கு வெளியே திகைத்து நின்றார்கள். ரயில் கோயில் ஊர்வரை போகும் என்று நம்பி வந்தவர்கள். ராமேஸ்வரம் என்ற ஒரு சொல்தான் அவர்களுக்கும் எங்களுக்கும் பொது. அம்மாவின் கையில் வாய் அடைத்த சிறிய செப்புச் சொம்பு, உள்ளே கங்கை நீர். தரையில் வைக்கக் கூடாது என்று காசியிலிருந்து கையிலேயே தூக்கி வந்திருக்கிறார், விரல்கள் மரத்துப்போயிருந்தன. டீக்கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலைத் துடைத்து, மேலே வாழையிலை ஒன்றை விரித்து, அவர் முன்னால் வைத்தார். அம்மா இலையைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், பிறகு சொம்பை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் உதறிக்கொண்டார். டீ குடித்தார்கள். கடைக்காரரே கூட்டிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டார்.

ரயில் நேரே போயிருந்தால் அவர்களுக்குக் கோயில் கிடைத்திருக்கும், தீர்த்தம் கிடைத்திருக்கும். அந்த வாழையிலை கிடைத்திருக்காது. எங்களுக்கும் அவர்கள் யாரோ ஆகியிருப்பார்கள்.

1340-களில் இலங்கையிலிருந்து, மாபர் என்று அரேபியர் அழைத்த நம் கிழக்குக் கரைக்கு வந்த உலகப் பயணி இபன் பதூதாவின் கப்பல் ஆழமில்லாத கடலில் தரைதட்டிவிட்டது. மாலுமிகள் தெப்பம் கட்டினார்கள். கூட வந்தவர்களை அதில் அனுப்பிவிட்டு, அவர் இரவெல்லாம் சிதைந்த கப்பலின் பின்பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார். விடிந்ததும் கரைக்காரர்கள் படகில் வந்து அவரை இறக்கினார்கள். அத்தனை நாடு சுற்றியவர் தன் பயண நூலில் இதை மறைக்கவில்லை. மறைத்திருந்தால், அந்தப் படகைத் தள்ளிக்கொண்டு போன நம் முன்னோர்கள் அந்தப் பக்கத்தில் இருந்திருக்க மாட்டார்கள். நமக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

உங்கள் கடிதத்தை மறுபடி பாருங்கள். பேராலயம் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது. ஆள் யாராவது இருக்கிறார்களா? படகில் வந்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நீங்கள் கொடுத்தது மூன்று சொல். அந்த நாட்டின் கடல் மீட்புச் சங்கம் 1865-இல் தொடங்கியது. இன்றும் மக்கள் போடும் நன்கொடையில்தான் நடக்கிறது. முகமறியாதவர்கள் போட்ட காசு, பாம்பன் பெண்ணைப் போன்ற ஒருத்தி என்றாவது அங்கே மாட்டிக்கொள்வாள் என்பதற்காகவே சேர்ந்திருக்கிறது. இதை எழுதாமல் வேறு எதை எழுதுவீர்கள்?

அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பாசிக்குப் போகிறவருக்கு நிலாவும் வற்றும் கைரேகை மாதிரி. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கிறவர், எந்த நாளில் இறங்கலாம், எப்போது படகுக்குத் திரும்ப வேண்டும் என்று கணக்கு வைத்தே உங்களைப் படிக்க வைத்திருக்கிறார். ஒரு பாட்டம் அழுவார். பிறகு, அன்றைக்கு என்ன திதி என்று கேட்பார். பார்த்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர் சொல்வதைக் கட்டுரையில் அப்படியே சேர்த்துவிடுங்கள்.

எனக்கும் சில கேள்விகள் இருக்கின்றன. கொலோனில் 533 படிகள் என்று எண்ணிச் சொல்லிவிட்டீர்கள். கூண்டின் ஏணிக்கு எத்தனை படி? கீழே நீர் நிறையும்போது என்ன சத்தம் கேட்டது? காலணி சேற்றிலேயே போய்விட்டதா? படகிலிருந்து முதலில் கை நீட்டியவருக்கு என்ன வயது இருக்கும், என்ன சொன்னார்? இரண்டு மணி நேரத்தை ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். அதை மட்டும் எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.