கோட்டை மான் வேறு, மலை எல்க் வேறு

தங்கச்சி, உங்கள் கேள்வியை உப்புவெளியில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். நீங்கள் கல்கரிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆவணியில் திருகோணமலையிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். அவர்களையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஆர்வியில் (கட்டிலும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியில்) பான்ஃப், ஜாஸ்பர் என்ற மலைத் தேசியப் பூங்காக்களைச் சுற்றிவர எவ்வளவு முடியும், எந்தக் கொம்பனி நல்லது, மிருகங்களைக் கிட்ட நின்று பார்க்க எந்த இடம் தோது, சோறு கறி சமைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாடகைக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள். அது சீசனோடு ஏறும், வண்டியின் நீளத்தோடும் ஏறும். கொம்பனி எதுவானாலும் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் சேர்த்தி, கூரையும் அடிப்பக்கமும் இன்சூரன்ஸில் அடங்குமா என்று மட்டும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அல்பேர்ட்டாவின் சாதாரண 5ஆம் வகுப்பு லைசன்ஸ் போதும். முக்கியமாக, வண்டியைப் பிடிக்க முதல், அதை இரவில் நிறுத்தித் தங்கும் காம்ப்கிரவுண்டில் இடத்தைப் பிடியுங்கள். தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடா குளிர்காலத்திலேயே பதிவைத் திறந்துவிடும், நல்ல இடமெல்லாம் அப்போதே போய்விடும்.

நான் இவ்வளவு நீளமாக எழுதுவது "கிட்ட நின்று பார்க்க" என்று நீங்கள் கேட்டதற்காகத்தான்.

நாங்கள் மானோடு வளர்ந்த ஊர்க்காரர். ஃபிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது மான் எங்கள் பையைத்தான் முதலில் பார்க்கும். முந்தநாள் போனேன். கொம்பில் பொலித்தீன் துண்டொன்று தொங்க, ஒரு கிடாய் கச்சான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வெள்ளைச் சீருடைப் பிள்ளை நீட்டிய வாழைப்பழத்தைத் தோலோடு வாங்கித் தின்றது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் அம்மாவும் அப்பாவும் இந்தப் பழக்கத்தோடுதான் விமானம் ஏறப் போகிறார்கள். பான்ஃபில் புல்வெளியில் எல்க் என்ற பெரிய மான் படுத்திருப்பதைக் கண்டால் அம்மாவின் கை தானாகப் பழப்பைக்குள் போகும். அதை நீங்கள்தான் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும்.

எல்க், மான், மலைச்செம்மறி என்றால் 30 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், கரடி, ஓநாய் என்றால் 100 மீற்றர். சாப்பாடு கொடுப்பது குற்றம், தேசியப் பூங்காச் சட்டத்தில் தண்டம் 25,000 டொலர் வரை போகலாம். தண்டத்தை விடுங்கள். மனுசர் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட வேண்டி வரும்.

நான் தொண்ணூறுகளில் ரொறொன்ரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் ஆட்களோடு ஆட்களாக முடங்கிக் கிடந்தவன். பான்ஃபில் ஹோட்டல் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, நாட்கணக்கில் பஸ்ஸில் இருந்து போய் இறங்கினேன். மலையைப் பார்க்கவா போனேன்? அறை கூட்டவும் கட்டில் விரிக்கவும் போனேன். தங்குமிடக் காசு என்றும் குளிர் ஜாக்கெட் காசு என்றும் சம்பளத்தில் வெட்டினார்கள். அந்த ஹோட்டலின் பெயர் வேண்டாம், வயிறு எரியும்.

லோண்டரிக்குப் பின்பக்கம் ஒரு பெண் எல்க் குட்டி போட்டிருந்தது. மே, ஜூன் அவை குட்டி போடுகிற காலம். அந்த நேரம் பார்த்து வந்தார்கள் எங்கள் ஆட்கள், ரொறொன்ரோவிலிருந்து மூன்று வான் நிறைய. ஒருவர் பாண் துண்டை நீட்டிக்கொண்டு, மற்றக் கையால் மகளை முன்னால் தள்ளி, "இன்னும் கிட்டப் போ, படம் வடிவாக விழும்" என்கிறார். எல்க் காதிரண்டையும் பின்னுக்கு மடித்தது, பல்லை நறநறவென்று கடித்தது. ஐயா அது சிரிக்கிறது என்று நினைத்தார்போல. நான் தமிழில் கத்தினேன், அந்த இடத்தில் தமிழைக் கேட்ட திகைப்பில்தான் அவர் திரும்பினார். அடுத்த கணம் அது பாய்ந்தது. பிள்ளையை இழுத்துக்கொண்டு என் துணி வண்டிக்குப் பின்னால் விழுந்தார், துவாயெல்லாம் சேற்றில். ஒரு நன்றிகூட இல்லை. "நீர் இங்கே என்ன வேலை செய்கிறீர்" என்று மட்டும் விசாரித்தார்.

நீங்கள் போகிற ஆவணியில் வேறு கதை. புதர்களில் பஃபலோபெரி பழுத்திருக்கும், கரடி நாள் முழுக்க அதைத்தான் மேயும், றோட்டோரத்திலும் மேயும். கண்டால் நடுறோட்டில் பிரேக் அடிக்க வேண்டாம், கதவு திறக்க வேண்டாம், மெல்ல ஓட்டிக்கொண்டே பாருங்கள். பத்துக் கார் நிற்கிறதே என்று பதினோராவதாக நிற்பவர்களில் எங்கள் ஆட்கள் குறைவில்லை, அதுவும் காரின் கூரைத் துவாரத்தால் பிள்ளையை வெளியே நிறுத்திக்கொண்டு. ஆவணிக் கடைசியில் ஆண் எல்க்குகளுக்கு மதம் ஏறத் தொடங்கும், அவை காரையே முட்டும்.

சமைக்கலாம், தாராளமாக. ஆனால் சட்டி, எண்ணெய்ப் போத்தல், குளிர்ப்பெட்டி, குப்பை எதையும் வெளி மேசையில் விட்டுவிட்டு நடக்கப் போகாதீர்கள். பற்பசைகூட உள்ளேதான். கோப்பை கழுவிய தண்ணீரை மரத்தடியில் ஊற்றவும் கூடாது, அதற்கென்று ஊற்றுமிடம் இருக்கிறது. கருவாட்டை கல்கரி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அப்பா முகம் சுளிப்பார், பரவாயில்லை.

லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை போகிற மலை றோட்டுத்தான் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, ஏறக்குறைய 230 கிலோமீற்றர். கண்டி றோட்டுக் கடுகண்ணாவை வளைவுகளை நினைத்துப் பயப்பட வேண்டாம், அகலமான றோட்டு. பெற்றோலை லேக் லூயிஸில் நிரப்புங்கள், இடையில் சஸ்காச்சுவான் கிராசிங்கில்தான் ஒரு பெற்றோல் செட், அதுவும் சீசனில் மட்டும். போனுக்குப் பெரும்பாலும் சிக்னல் இல்லை. திரும்பி வரும்போது 2,035 மீற்றர் உயரச் சன்வாப்டா கணவாய் தாண்டியதும் பெரிய இறக்கம் வரும். அங்கே பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பிரேக் கொதித்துவிடும், சின்னக் கியரில் போட்டு இறக்கச் சொல்லுங்கள் உங்கள் அவரிடம். லேக் லூயிஸுக்குக் கிட்ட உள்ள மொரெய்ன் ஏரிக்கு 2023இலிருந்து சொந்த வண்டி விடுவதில்லை, பஸ்ஸுக்குப் பதிய வேண்டும். ஜாஸ்பரில் 2024 ஜூலைத் தீயில் ஊரின் ஒரு பகுதியே எரிந்தது, கருகிய காடு றோட்டிலிருந்தே தெரியும். பிள்ளைகள் கேட்பார்கள்.

பான்ஃபுக்குக் கிட்டப் பெருந்தெருவுக்கு மேலால் மரமும் புல்லும் முளைத்த பாலங்களைக் காண்பீர்கள். அவை மிருகங்கள் கடக்கக் கட்டியவை. மேலே 6, கீழால் 38 சுரங்க வழிகள், இரு பக்கமும் வேலி. அவற்றின் கீழால் போகும்போதெல்லாம் எனக்கு ஹபரணைக் காட்டு றோட்டுதான் ஞாபகம் வரும். இரவு பஸ்ஸில் திருகோணமலைக்கு வருகையில் யானை குறுக்கே நிற்கும், டிரைவர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இருப்பார், பின் சீட்டில் ஒரு கிழவி பிள்ளையாரைக் கூப்பிடுவாள். கல்லோயாப் பக்கம் ரயிலில் யானை அடிபட்ட செய்தி வாசிக்கிற நேரமெல்லாம் அந்தப் பாலங்களில் ஒன்றைத் தூக்கி வந்து இங்கே வைக்க ஆசையாக இருக்கும்.

பான்ஃப் வெந்நீரூற்றுக்கு அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், முழங்காலுக்கு நல்லது. 1883இல் ரயில்பாதை போட்ட தொழிலாளர்கள் பான்ஃபில் வெந்நீரைக் கண்டதில்தான் அந்தத் தேசியப் பூங்காவின் கதையே தொடங்குகிறது. என் அம்மா இறங்கிப் பார்த்துவிட்டு, "எங்கட கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, இங்கே ஒரு தொட்டி, அதுக்கும் டிக்கெட்டா?" என்றார். பிறகு வெளியே வர மறுத்தார்.

ஆர்வியின் படி உயரம், அப்பாவுக்கு ஒரு சின்ன ஸ்டூல் வாங்கி வையுங்கள். டிரைவர் தலைக்கு மேலே உள்ள கட்டிலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பெரியவர்களுக்குப் பின்கட்டில். கம்பளித் தொப்பி ஆவணியிலும் வேண்டும். விடியக்காலையில் அப்பா சாரத்தோடு வெளியே இறங்கப் பார்ப்பார், விட்டுவிடாதீர்கள்.