லண்டன் மகளுக்கு ஏன் தனிச் சோதனை?

கேள்வி: லண்டனில் என் மகளுக்கு இது 6-ஆம் மாதம். தெற்காசியப் பெண் என்பதால் சர்க்கரைச் சோதனையாம். இன பேதமா இது?
– ஒரு தாய், குளச்சல்

பதில்: இல்லையம்மா, போகச் சொல்லுங்கள். நம் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம் வருகிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இதே 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கும் சோதனைதான். தக்கலைப் பக்கம் நான் செவிலியராக இருந்தபோது, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு வந்து, டம்ளரைப் பார்த்து முகம் சுளித்த பிள்ளைகள் எத்தனை பேர்! லண்டனிலோ வெறும் வயிற்றில் போக வேண்டும்.

பேதம் வேறிடத்தில் இருக்கிறது. பிரிட்டனில் 2020–22 கணக்குப்படி, பேறுகால மரணம் வெள்ளையரைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு ஏறக்குறைய 3 மடங்கு. ஆசியப் பெண்களுக்கும் அதிகம்தான். உபாதையைச் சொன்னால் காதில் வாங்காததும் ஒரு காரணம். கடும் தலைவலி, கண் மங்கல், திடீர் முகவீக்கம் என்றால், 'வெறும் களைப்பு' என்று யார் சொன்னாலும், ரத்த அழுத்தம் பார்க்காமல் மகள் வீடு திரும்பக் கூடாது.