பக்கத்து அறையின் அமைதி

வணக்கம் மேடம்,

ஒரு சின்னப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து 4 மாதம் ஆகிறது. மொத்தமே 43 பிள்ளைகள், 3 டீச்சர்கள். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில், இரண்டும் என்னிடம். சேர்த்து 18 பேர்தான். அந்த 18 பேரை என்னால் உட்கார வைக்க முடியவில்லை. நான்காம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குச் சொல்லத் திரும்பினால் மூன்றாம் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்து அறை சீனியர் டீச்சர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதெல்லாம் பிறவியிலேயே வருவதா? எனக்கு இந்த வேலை சரிப்படாதோ என்று தினமும் சாயங்காலம் தோன்றுகிறது.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். போன வாரம் ஒரு பையன் வாய் தவறி என்னை ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது. அவன் முகம் சுண்டிப்போனது. நான் ‘சரி, நோட்டை எடு’ என்று மட்டும் சொன்னேன். அது சரியா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

பெயர் வேண்டாம் என்றதால் இப்படித்தான் கூப்பிட முடிகிறது. எனக்கு முதல் மாதம் முழுக்க, யாராவது ‘டீச்சர்’ என்றால் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் இருந்தது.

எழுத வருவதற்கு முன் 6 வருடம் அந்த வேலையில் இருந்தேன். அதுவும் சின்னப் பள்ளி. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கூரையைத் தொடாத ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரு சீனியர் டீச்சர், அப்படியே உங்கள் கதை. அவர் கண்ணை உருட்டினால் போதும், பிள்ளைகள் அடங்கிவிடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று கண்ணை உருட்டிப் பழகினேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் என் பிள்ளைகள் விளையாட்டு பீரியடில் இருந்தபோது, திருத்தவேண்டிய நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு நோட்டுகூடத் திருத்தவில்லை. பலகையின் இடது பாதியில் சின்ன வகுப்புக்கான கணக்குகள் பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன்பே எழுதியிருந்தன. பென்சில் யாரிடம் இல்லை என்று அவர் கேட்கவே இல்லை. ஜன்னல் திட்டில் இருந்த டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து, எப்போதும் கொண்டுவராத இரண்டு பேர் கையில் வைத்தார். எல்லோரும் முதல் கணக்கைப் போட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றார். ‘முடிச்சவங்க என்ன செய்யணும்?’ என்று ஒரு சிறுமியைக் கேட்டார். ‘இதே மாதிரி ரெண்டு கணக்கு நாங்களே எழுதி, பக்கத்தில இருக்கிறவங்களுக்குக் கொடுக்கணும்’ என்றாள். அப்புறம்தான் பெரிய வகுப்பின் பக்கம் போனார். போனவர் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே சின்ன வகுப்பின் பெஞ்சு ஓரமாக ஒரு நடை வந்து, ஒரு பையனின் நோட்டில் தப்பான இடத்தில் விரலை வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ரப்பரைத் தேடினான்.

நான் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தேன்? ‘நீங்க கணக்குப் போடுங்க’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். எந்தக் கணக்கு, எத்தனை, முடித்தால் அடுத்து என்ன, எதுவும் கிடையாது. பென்சில் சீவுகிறேன் என்று ஐந்து பேர் எழுந்தால் அவர்களைச் சொல்லி என்ன பயன்?

இதை ஆராய்ந்தே பார்த்தவர் ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர். கல்லூரி வகுப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரை அவர் கண்டிக்கப்போக, சம்பந்தமே இல்லாத மற்றவர்களும் சேர்ந்து அடங்கினார்கள். எப்படிக் கண்டித்தால் வகுப்பு அடங்கும் என்று தேட ஆரம்பித்தார். தொடக்கப்பள்ளி வகுப்பறைகளை வீடியோ எடுத்தெல்லாம் பார்த்தார். கடைசியில் 1970-ல் அவர் எழுதியதோ வேறு. தப்பு நடந்த பிறகு கண்டிக்கிற விதத்தில், வகுப்பை நன்றாக நடத்துபவருக்கும் திணறுபவருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லையாம். வித்தியாசமெல்லாம் அதற்கு முன்னால்தான்: அறையில் நடப்பது டீச்சருக்குத் தெரியும் என்று பிள்ளைகள் உணர்வது, ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் கண் வைப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு இழுபறி இல்லாமல் மாறுவது. தேடிப்போனது கிடைக்கவில்லை என்று சொல்லத் தயங்காத ஆராய்ச்சியாளர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஆக, பிறவியும் இல்லை, குரலும் இல்லை. எல்லா பீரியடையும் ஒரேயடியாகச் சரிசெய்யப் புறப்படாதீர்கள். அந்த வகுத்தல் பீரியடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடக்குறிப்பில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: நான் நான்காம் வகுப்போடு இருக்கும்போது மூன்றாம் வகுப்பின் கையில் என்ன இருக்கும்? முக்கியமாக, முடித்துவிட்ட பிள்ளைக்கு என்ன? நம்மைப் படுத்துவது பெரும்பாலும் சீக்கிரம் முடித்தவன்தான்.

தொண்டைக்கும் ஒரு வைத்தியம் இருக்கிறது. டீச்சர்கள் கேள்வி கேட்டபின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக 1 விநாடிதான் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் கண்டுபிடித்தார். அதை 3 விநாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வாயே திறக்காத பிள்ளைகளும் திறக்கிறார்கள். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், 3 விநாடி ஒரு யுகம் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் பேசாமல் இருப்பதே தொண்டைக்கு லாபம்.

சின்னப் பள்ளியில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பயிற்சியில் சொல்வதில்லை. இப்போதைய மூன்றாம் வகுப்பு அடுத்த வருடம் நான்காம் வகுப்பாக அதே அறையில் உங்களிடமேதான் இருக்கும். டப்பா எங்கே, முடித்தால் என்ன என்பதெல்லாம் பாதி அறைக்கு முன்பே தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பக்கத்து அறை அமைதியில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு இருக்கும். சந்தேகமிருந்தால் அந்த டீச்சரிடமே கேளுங்கள், ஒரு பீரியட் பின்னால் உட்காரட்டுமா என்று. இதே காரணத்தால் கோபத்தில் எதையாவது சொல்லிவிட்டால் தப்பிக்கவும் வழியில்லை. நான் ஒரு பையனிடம் சொன்ன ஒரு வார்த்தைக்காக இரண்டு வருடம் தினமும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வார்த்தை இங்கே வேண்டாம்.

சாயங்காலம் தோன்றுவதை அப்படியே நம்பாதீர்கள். அதற்குள் நீங்கள் மணி அடித்து, ரிஜிஸ்டர் எழுதி, முட்டியில் அடிபட்டவனுக்கு மருந்து போட்டு, காணாமல்போன ஒற்றைச் செருப்பைத் தேடிக் கொடுத்திருப்பீர்கள். சரிப்படுமா என்ற கேள்வியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யோசியுங்கள்.

அந்தப் பையன் விஷயம். என்னை ஒரு சிறுமி ‘பாட்டி’ என்றே கூப்பிட்டிருக்கிறாள். அப்போது எனக்கு வயது 24. வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் சிரிக்காமல் நோட்டைக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு அது தோன்றாமல் போயிற்று. அவன் நோட்டை எடுத்தானா என்று எழுதவில்லையே?