டிஃப்ராக்: எந்த டிஸ்க்குக்குத் தேவை, எதற்குத் தேவையில்லை? கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். என் கணினியில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் விண்டோஸ் வாரம் ஒருமுறை ஆப்டிமைஸ் செய்கிறது. எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்தால், அதாவது துண்டு துண்டாகச் சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்த்தால், ஆயுள் குறையும் என்கிறார்களே, அதை நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள். விண்டோஸ் 8 முதல் அந்தக் கருவி டிஸ்க் எந்த வகை என்று பார்த்துத்தான் வேலை செய்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் டிஃப்ராக், எஸ்எஸ்டி என்றால் ட்ரிம். அழித்த ஃபைல்கள் இருந்த இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வதுதான் ட்ரிம். ஃபைலை அழிக்கும்போதே விண்டோஸ் இதை அனுப்பிவிடும், ஆனால் வேலை குவிந்திருக்கும் நேரத்தில் சில விட்டுப்போகும். வாராந்திர ஓட்டம் விட்டுப்போனவற்றை மொத்தமாக மறுபடி அனுப்புகிறது. அதனால் தேய்மானம் எதுவும் இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஸ்டார்ட் மெனுவில் ‘டிஃப்ராக்’ என்று தேடி அந்தத் திரையைத் திறந்து, ‘மீடியா டைப்’ பத்தியில் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி பெட்டிக்குள் போட்ட எஸ்எஸ்டியும், பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் சில ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் எஸ்எஸ்டியும் ‘ஹார்ட் டிஸ்க் டிரைவ்’ என்று காட்டக்கூடும். அப்படிக் காட்டினால் அந்த டிரைவை மட்டும் அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. சிஸ்டம் ரெஸ்டோர் இயங்கும் எஸ்எஸ்டியில் எப்போதாவது உண்மையான டிஃப்ராக்கும் நடக்கும். விண்டோஸ் ஃபைல்களை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு ஃபைல் எத்தனை துண்டாகலாம் என்பதற்கு உச்சவரம்பு உள்ளதால் விண்டோஸ் தெரிந்தே செய்வது அது. 2020இல் வந்த விண்டோஸ் 10, 2004 பதிப்பில் கடைசியாக ஆப்டிமைஸ் செய்த தேதியைக் கணினி மறந்துவிடும் பிழை இருந்தது. தேவைக்கு அதிகமாக ஓடுகிறது என்ற பயம் பரவியது அப்போதுதான். அந்த ஆண்டிலேயே அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கில் துண்டு துண்டாக இருந்தால் உண்மையிலேயே எவ்வளவு வேகம் போகும்? விண்டோஸ் கருவி 0% என்கிறது, வெளியிலிருந்து போட்ட மென்பொருள் அதே டிரைவை 18% என்கிறது. யாரை நம்புவது?

பதில்: இரண்டும் பொய் சொல்லவில்லை, எண்ணும் முறைதான் வேறு. கணக்குப் போட்டால் விளங்கும்.

7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி எடுக்கும். தேவையான இடம் ஹெட்டுக்கு (தரவைப் படிக்கும் முனை) அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லி விநாடி. ஹெட் நகர 8, 9 மில்லி விநாடி. ஆக ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவ ஏறக்குறைய 12.5 மில்லி விநாடி. 1 ஜிபி ஃபைலை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் தொடர்ச்சியாகப் படித்தால் 7 விநாடி. அதே ஃபைல் 2000 துண்டாகக் கிடந்தால் தாவுவதற்கே 25 விநாடி கூடுதல். ஐந்து மடங்குக்குக் கிட்ட வந்துவிடும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இப்போது அதே 2000 துண்டு 200 ஜிபி ஃபைலில் இருக்கட்டும். படிக்க எப்படியும் 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதில் 25 விநாடியை யாரும் உணர மாட்டார்கள். துண்டுகளின் எண்ணிக்கையை விட ஒரு துண்டின் அளவுதான் முக்கியம். 64 எம்பி துண்டைப் படிக்க 430 மில்லி விநாடி, தாவ 12.5. இழப்பு 3 சதவீதம்தான். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் 64 எம்பியும் அதற்கு மேலும் உள்ள துண்டுகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மற்ற மென்பொருள் சேர்க்கிறது. விண்டோஸ் சொல்லும் கணக்குதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘டிஃப்ராக் டி: /ஏ /வி’ என்று ஆங்கில எழுத்தில் கொடுங்கள். எதையும் நகர்த்தாமல் ஆராய்ந்து மட்டும் சொல்லும். சதவீதத்தோடு நிற்காமல், ஒரு ஃபைலுக்குச் சராசரியாக எத்தனை துண்டு, காலி இடத்தில் மிகப் பெரிய தொடர்ச்சியான பகுதி எவ்வளவு என்ற இரண்டு வரிகளைப் படியுங்கள். இரண்டாவது வரி சிறுத்துக்கொண்டே போனால் இனி எழுதும் பெரிய ஃபைல்களும் துண்டாகத்தான் போகும்.

கேள்வி: அப்படியானால் காசு கொடுத்து வாங்கும் டிஃப்ராக் மென்பொருளெல்லாம் வீணா?

பதில்: வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் தேவையில்லை. விண்டோஸ் என்டி 4.0 முதல் ஃபைலை இடம் மாற்றும் வசதியை இயங்குதளமே தருகிறது. இன்று கிடைக்கும் ஏறக்குறைய எல்லா மென்பொருளும் அந்த ஒரே கதவு வழியாகத்தான் போகின்றன. எனவே பாதுகாப்பில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு இருப்பது எதை எங்கே வைப்பது என்ற முடிவிலும், பூட் நேரத்தில் ஓடும் வசதியிலும், பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து கவனிப்பதிலும்தான். ஓ அண்ட் ஓ டிஃப்ராக், பெர்ஃபெக்ட்டிஸ்க் போன்றவை அந்தத் தேவைக்கானவை.

ஒரே ஒரு ஃபைல் மட்டும் பிரச்சினை என்றால் முழு டிஸ்க்கையும் ஏன் புரட்ட வேண்டும்? மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் ‘கான்டிக்’ இலவசம். ‘கான்டிக் -ஏ’ என்று ஃபைல் பெயரோடு கொடுத்தால் எத்தனை துண்டு என்று சொல்லும், ‘-ஏ’ இல்லாமல் கொடுத்தால் அந்த ஒன்றை மட்டும் சேர்த்துவைக்கும். டிஃப்ராக் செய்ய வந்துவிட்டு ரெஜிஸ்ட்ரி சுத்தம், டிரைவர் அப்டேட் என்று கூடவே கேட்கும் மென்பொருளை இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

கேள்வி: அவசரம்! தெரியாமல் ஒரு ஃபோல்டர் படங்களை அழித்துவிட்டேன். டிஸ்க்கை டிஃப்ராக் செய்துவிட்டு ரிக்கவரி மென்பொருள் ஓட்டினால் எளிதாகக் கிடைக்குமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அழித்த படங்கள் இப்போது ‘காலி இடம்’ என்ற பெயரில்தான் கிடக்கின்றன. டிஃப்ராக் அதே காலி இடத்தில் மற்ற ஃபைல்களைக் கொண்டுபோய் எழுதும், எழுதிவிட்டால் மீட்க வழியில்லை. கணினியை அணையுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, மீட்கும் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். வாராந்திர அட்டவணை அதற்குள் தானாக ஓடிவிடாமல் அங்கேயும் நிறுத்திவையுங்கள்.

கேள்வி: டிஃப்ராக் நடுவில் மின்சாரம் போனால்?

பதில்: என்டிஎஃப்எஸ்ஸில் பயப்பட வேண்டியதில்லை. தரவைப் புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் ‘இனி இங்கே’ என்று முகவரி மாறும், அந்த மாற்றமும் ஜர்னலில் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) பதிவாகும். ஜர்னல் இல்லாத ஃபேட்32 டிரைவில் ஆபத்து அதிகம். அதற்கு உள்ளதைக் காப்பி எடுத்து, ஃபார்மேட் செய்து, திரும்பப் போடுவதே சுத்தமான டிஃப்ராக்.

கேள்வி: சி டிரைவில் 300 ஜிபி காலி. ஆனால் பார்ட்டிஷனைச் சுருக்கப் போனால் 20 ஜிபிக்கு மேல் விட மாட்டேன் என்கிறது. டிஃப்ராக் செய்தும் பயனில்லை.

பதில்: நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று டிரைவின் பின்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. சுருக்க முயன்ற உடனே ஈவன்ட் வியூவரில் ‘அப்ளிகேஷன்’ பதிவைத் திறந்து, டிஃப்ராக் எழுதிய 259 எண் கொண்ட பதிவைப் பாருங்கள். தடுக்கும் ஃபைலின் பெயர் அதிலேயே இருக்கும். பெரும்பாலும் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் சேமிப்பு, இந்த மூன்றில் ஒன்று.

‘பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்’ கொடுத்து ஹைபர்னேஷனை நிறுத்துங்கள். பேஜ் ஃபைலைத் தற்காலிகமாக எடுங்கள். சிஸ்டம் புரொடக்‌ஷனை நிறுத்துங்கள் (பழைய ரெஸ்டோர் பாயின்ட்கள் போய்விடும், தெரிந்து செய்யுங்கள்). ரீஸ்டார்ட் செய்து, ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ‘டிஃப்ராக் சி: /எக்ஸ்’ ஓட்டுங்கள், அது காலி இடத்தை ஒன்றுசேர்க்கும். பிறகு சுருக்கிவிட்டு மூன்றையும் பழையபடி இயக்குங்கள். பேஜ் ஃபைலை மறந்துவிடுபவர்கள் அதிகம், அதை முதலில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் விர்ச்சுவல் சர்வர்கள், எல்லா டிஸ்க்கும் எஸ்ஏஎன் (பல சர்வர்களுக்குப் பொதுவான நெட்வொர்க்) சேமிப்பில். ஒவ்வொரு விண்டோஸ் சர்வருக்குள்ளும் டிஃப்ராக் அட்டவணை போட்டேன். அதிலிருந்து, மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் பேக்கப் பல மடங்கு பெரிதாகிவிட்டது. தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு. விர்ச்சுவல் இயந்திரத்துக்குள் அடுத்தடுத்து இருப்பதாகத் தெரியும் பிளாக்குகள் எஸ்ஏஎன்னில் பல டிஸ்க்குகளில் பரவிக் கிடக்கும். உள்ளே வரிசைப்படுத்தினால் வெளியே எதுவும் வரிசையாகாது. கிடைப்பது குறைவு, கொடுக்கும் விலை அதிகம்.

டிஃப்ராக் நகர்த்தும் ஒவ்வொரு பிளாக்கும் பேக்கப் மென்பொருளின் கண்ணுக்கு ‘மாறிய பிளாக்’. ஃபைலின் உள்ளடக்கத்தில் ஒரு எழுத்துகூட மாறாமல் 80 ஜிபி நகர்ந்தால் அந்த 80 ஜிபியும் பேக்கப்புக்குப் போகும். ரெப்ளிகேஷன் இருந்தால் லைன் வழியாக மறுமுனைக்கும் போகும். ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) திறந்திருந்தால், அதன் பிறகு வந்த மாற்றங்களைச் சேர்க்கும் டெல்டா ஃபைல் வீங்கும், சேமிப்பு நிரம்பி எல்லா இயந்திரங்களும் சேர்ந்து நிற்கும் அளவுக்குக்கூடப் போகலாம். எழுத எழுத இடம் எடுத்துக்கொள்ளும் தின் டிஸ்க் என்றால் இதுவரை தொடாத பிளாக்குகளில் எழுதுவதால் அதுவும் பெருக்கும், பெருத்தது தானாகச் சுருங்காது.

டாஸ்க் ஷெட்யூலரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டிஃப்ராக் என்று போய் ‘ஷெட்யூல்டு டிஃப்ராக்’ வேலையையும், நீங்கள் தனியாகப் போட்டதையும் நிறுத்துங்கள். எஸ்ஏஎன் அன்மேப் (இந்த இடம் இனி தேவையில்லை என்ற கட்டளை) ஏற்கும் என்றால் மாதம் ஒருமுறை ‘டிஃப்ராக் டி: /எல்’ மட்டும் ஓட்டுங்கள். அது எதையும் நகர்த்தாது, காலி இடத்தை எஸ்ஏஎன்னுக்குத் திருப்பித் தரும்.

சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ஹைப்பர்-வி (விண்டோஸின் விர்ச்சுவல் இயந்திர வசதி) வைத்திருப்பவர்களின் நிலை வேறு. தானாக வளரும் விஹெச்டிஎக்ஸ் (விர்ச்சுவல் டிஸ்க்) ஃபைல் சிறிது சிறிதாக வளர்ந்து ஹோஸ்டிலேயே சிதறும். இயந்திரத்தை அணைத்துவிட்டு அந்த ஃபைலின் மீது கான்டிக் ஓட்டினால் பலன் தெரியும். தொடக்கத்திலேயே ஃபிக்ஸட் அளவில் உருவாக்கினால் இந்தத் தொல்லையே வராது.

கேள்வி: எஸ்கியூஎல் சர்வர் மெதுவாகிவிட்டது. டேட்டாபேஸ் டிரைவை டிஃப்ராக் செய்யட்டுமா? வாரம் ஒருமுறை ஷ்ரிங்க் செய்கிறோம் (டேட்டாபேஸ் ஃபைலைச் சுருக்குகிறோம்).

பதில்: முதலில் அந்த ஷ்ரிங்க்கை நிறுத்துங்கள். ஃபைலின் கடைசியில் உள்ள பக்கங்களைத் தூக்கி முன்னால் காலியான இடத்தில் போடுவதால் இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) வரிசை தலைகீழாகும். அடுத்த நாளே டேட்டாபேஸ் மறுபடி வளரும், அந்த வளர்ச்சி டிஸ்க்கில் புதுத் துண்டாகும். இரண்டு வகைச் சிதறலையும் நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

இண்டெக்ஸ் சிதறலை டிஸ்க் டிஃப்ராக் தொடவே தொடாது. அதை எஸ்கியூஎல் சர்வருக்குள்தான் சரிசெய்ய வேண்டும்: 5 முதல் 30% வரை ரீஆர்கனைஸ், அதற்கு மேல் ரீபில்ட் என்பது பழைய பொது அளவுகோல். 1000 பக்கங்களுக்குக் குறைந்த இண்டெக்ஸை விட்டுவிடலாம். ஆட்டோகுரோத் (ஃபைல் தானாக வளரும்) அளவையும் பாருங்கள். 2016க்கு முந்தைய பதிப்புகளில் டேட்டா ஃபைல் 1 எம்பி 1 எம்பியாக வளரும், 2016 முதல் 64 எம்பி. பழைய டேட்டாபேஸை மேம்படுத்தியிருந்தால் 1 எம்பி இன்னும் அப்படியே இருக்கும். ஓராண்டுக்குப் போதுமான அளவுக்கு ஃபைலை இப்போதே பெரிதாக்கி, சர்வீஸை நிறுத்தி, ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஒரே ஒருமுறை கான்டிக் ஓட்டுங்கள். அதன் பிறகு அந்த டிரைவுக்கு டிஃப்ராக் தேவைப்படாது.

கேள்வி: ஃபைல் சர்வரில் டிஃப்ராக் ஓடிய மறுநாள் பழைய ஷேடோ காப்பிகள் (ஃபைல்களின் முந்தைய நிலையை விண்டோஸ் சேமிக்கும் நகல்கள்) எல்லாம் காணோம்!

பதில்: உங்கள் டிரைவ் இயல்பான 4 கேபி கிளஸ்டரில் (ஃபைலுக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச இடம்) இருக்கும். ஷேடோ காப்பி 16 கேபி கட்டங்களாக வேலை செய்கிறது. கிளஸ்டர் 16 கேபிக்குக் குறைந்தால், டிஃப்ராக் செய்யும் நகர்வுக்கும் உண்மையான மாற்றத்துக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. எல்லாவற்றின் பழைய நகலையும் சேமிக்கப் பார்க்கும், ஒதுக்கிய இடம் நிரம்பும், பழைய காப்பிகள் வரிசையாக அழியும். நிரந்தரத் தீர்வு, பேக்கப் எடுத்து 16 கேபி கிளஸ்டரில் ஃபார்மேட் செய்து திரும்பப் போடுவது. ஆனால் 4 கேபிக்கு மேல் போனால் என்டிஎஃப்எஸ் கம்ப்ரஷன் கிடையாது. முடியாதென்றால் அந்த டிரைவில் டிஃப்ராக்கை விட்டுவிடுங்கள், ஷேடோ காப்பி அதைவிட முக்கியம்.

கேள்வி: லினக்ஸுக்கு டிஃப்ராக் வேண்டாம் என்பது உண்மையா?

பதில்: பெரும்பாலும். லினக்ஸின் பரவலான ஃபைல் அமைப்பான இஎக்ஸ்டி4 எழுதுவதைச் சற்றுத் தள்ளிப்போட்டு அளவு தெரிந்தபின் இடம் ஒதுக்குவதால் சிதறல் குறைவு. சந்தேகம் என்றால் ‘இ4டிஃப்ராக் -சி’ ஓட்டுங்கள், மதிப்பெண் 30 வரை இருந்தால் வேலை இல்லை. மற்றொரு ஃபைல் அமைப்பான எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு ‘எக்ஸ்எஃப்எஸ்_எஃப்எஸ்ஆர்’ உண்டு, இயல்பாக 2 மணி நேரம் ஓடி நிற்கும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் கவனம் தேவை: ஸ்னாப்ஷாட் எடுத்த ஃபைலை டிஃப்ராக் செய்தால் பகிர்ந்துகொண்ட இடம் பிரிந்து டிஸ்க் திடீரென நிரம்பும். இசட்எஃப்எஸ் பட்டியலில் வரும் ‘ஃபிராக்’ சதவீதம் காலி இடத்தின் சிதறல், உங்கள் ஃபைல்களுடையது அல்ல.

கேள்வி: அண்ணா, 4 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கை டிஃப்ராக் போட்டேன். முதலில் வேகமாக ஓடியது, இப்போது இரண்டு நாளாக 12%இலேயே நிற்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

பதில்: இரண்டில் ஒன்று. அது எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருக்கலாம். அதில் டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு ஏறியிருப்பதால் நடுவில் கொஞ்சம் எழுத ஒரு முழுப் பட்டையையே மறுபடி எழுத வேண்டும். முதலில் தற்காலிகப் பகுதியில் வேகமாக வாங்கிக்கொள்ளும், அது நிரம்பியதும் நொண்டும். நீங்கள் சொல்வது அதற்குப் பொருந்துகிறது. அல்லது படிக்க முடியாத செக்டரில் முட்டிக்கொண்டிருக்கலாம்.

டிஃப்ராக்கை ‘ஸ்டாப்’ கொடுத்து நிறுத்துங்கள், கேபிளைப் பிடுங்காதீர்கள். டிஸ்க்கின் ஆரோக்கியம் பற்றிய ஸ்மார்ட் விவரம் காட்டும் மென்பொருளில் சி5 (பென்டிங் செக்டர்), 05 (ரீஅலகேட்டட் செக்டர்) இரண்டையும் பாருங்கள். சி5 பூஜ்ஜியம் இல்லையென்றால் டிஃப்ராக்கும் வேண்டாம், செக்டிஸ்க்கும் வேண்டாம், முக்கியமான ஃபைல்களை இன்றே வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். இரண்டும் பூஜ்ஜியம் என்றால் டிஸ்க்கை இணைத்தபடியே சில மணி நேரம் சும்மா விடுங்கள், தற்காலிகப் பகுதியை அதுவே காலி செய்துகொள்ளும். பிறகு அந்த டிஸ்க்கின் பெயரை ஆப்டிமைஸ் அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள்.